ஓய்வுக்குப் பிறகும் ஊழியம்: யாருக்கு எந்த ஊழியம்?

(பொன்மலையில் பணி ஓய்வு பெற்ற கிறித்தவர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘ஓய்வுக்குப் பிறகும் ஊழியம்’. அழைக்க வந்த நண்பர்கள், “அண்ணே, நம்ம பெரியவங்களுக்கு உற்சாகம் வர்ற மாதிரி நாலு வார்த்தை பேசுங்க” என்றார்கள். உங்களை உற்சாகப்படுத்த வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கோவில் கதவைத் திறக்கிறவர்கள். நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறவர்கள். சாவு வீட்டில் முதல் ஆளாக நின்று செபமாலை சொல்கிறவர்கள். முட்டி வலியோடு படியேறிப் பாடகர் குழுவுக்குப் போகிறவர்கள். ஆகவே ‘வயதானாலும் ஊழியம் செய்யுங்கள்’ என்று உங்களுக்கே நான் உபதேசம் செய்தால் அது வெட்டிப் பேச்சு.

நான் பேச விரும்புவது வேறு. ஊழியம் செய்கிறோம், சரி. யார் எந்த ஊழியத்தைச் செய்கிறோம்? அதை யார் முடிவு செய்தது? இந்த இரண்டு கேள்விகள்தான் என் உரை.

என்னைப் பற்றி ஒரு வரி. பணிமனையில் கலாசியாகச் சேர்ந்து, பிட்டராகி, அறுபது வயதில் ஓய்வு பெற்றவன் நான். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். கத்தோலிக்கன். தலித். இன்று சொல்லப் போகிற எதற்கும் எந்தப் பங்கின் பெயரையும், எந்தச் சாமியாரின் பெயரையும் சொல்ல மாட்டேன். ஒரு பெயரைச் சொன்னால் மற்ற எல்லாரும் ‘நல்லவேளை, நம்ம கோவில் இல்லை’ என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க நான் வரவில்லை.

முதலில், பொன்மலையில் ஏன் இத்தனை ஓய்வு பெற்ற கிறித்தவர்கள் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றப்பட்டது. அதோடு குடியிருப்பு வந்தது, மருத்துவமனை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, கோவில்களும் வந்தன. ஆங்கிலோ இந்தியர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்யக் காவிரிக் கரைக் கிராமங்களிலிருந்து நம் பாட்டன்கள் வந்தார்கள். மிராசுதார் வயலில் நெல் கூலிக்கு வேலை செய்த சேரி ஆட்களுக்கு, மாதம் பிறந்தால் கையில் விழுகிற சம்பளம் என்பது அதற்கு முன் தெரியாத ஒன்று. கலாசி வேலைதான், இரும்பு தூக்கும் வேலைதான். ஆனால் சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு. ஆண்டையின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அதன் பிறகு பென்ஷன். நம்மில் பலருக்கு அறுபது வயதுக்கு மேல் பிள்ளைகளிடம் கையேந்தாமல் வாழ முடிகிறது என்றால் அதற்கு அடிப்படை அந்தப் பென்ஷன். காலை நேரத்தைக் கோவிலுக்குக் கொடுக்க முடிகிறது என்றாலும் அதற்கு அடிப்படை அதுவே. பென்ஷன் இல்லாத சித்தாளும் கட்டடத் தொழிலாளியும் எழுபது வயதிலும் கூலிக்குப் போகிறார்கள். அவர்கள் ஊழியம் செய்ய வரவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது.

இந்தப் பென்ஷனும் சும்மா வரவில்லை. 1928-இல் ஆள்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காகச் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று இதே பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். 1974 மே மாதம் நாடு முழுக்க நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் நம் குடும்பங்கள் பட்ட பாட்டை இங்கே இருக்கிற தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த ஊர் கேள்வி கேட்கத் தெரிந்த ஊர். மேலதிகாரி அநியாயமாக ஒரு நாள் சம்பளத்தை வெட்டினால் கேட்டு முன்னால் கூடுகிற ஊர். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

சரி, ஓய்வு பெற்ற மறுநாள் என்ன நடக்கிறது? பங்குத்தந்தை கூப்பிட்டு அனுப்புகிறார். “இனிமே உங்களுக்கு நேரம் இருக்குமே, கோவில் வேலையைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்கிறார். மகிழ்ச்சியான அழைப்புதான். வேலைக்குப் போகிற காலத்தில் ஞாயிறு பூசையோடு நின்றுபோன உறவு இப்போது அன்றாட உறவாகிறது. நாற்பது வருஷம் எஞ்சினுக்குக் கொடுத்த கையை ஆண்டவருக்குக் கொடுக்கிறோம் என்று நெஞ்சு நிறைகிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் நிறைந்தது.

ஆனால் ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்கள். ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்ற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆதிக்கச் சாதிக்காரர், பணிமனை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் பங்குப் பேரவைக்குள் போகிறார். பிறகு நிதிக்குழு, திருவிழாக் கமிட்டி. நற்கருணை வழங்கும் பணியாளர் பட்டியலில் பெயர் வருகிறது. இன்னொருவர் நம்மாள். பிட்டர், வெல்டர், அல்லது டர்னர். அவருக்கு நாற்காலி அடுக்கும் வேலை வருகிறது. தேருக்கு விளக்குக் கட்டும் வேலை, தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை, மணி அடிக்கும் வேலை. யாராவது செத்தால் கல்லறையில் குழி சரியாக வெட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் வேலையும் அவருக்குத்தான். நம் தாய்மார்களுக்குப் பீடத் துணி துவைப்பதும் கோவில் தரை துடைப்பதும் அசனத்துக்குப் பாத்திரம் கழுவுவதும். பீடத்தில் நின்று வாசகம் படிக்கும் பெண்கள் பெரும்பாலும் வேறு தெருக்காரர்கள்.

யாரும் வாயைத் திறந்து சாதி சொல்வதில்லை. ‘அவருக்குக் கணக்குத் தெரியும்’ என்பார்கள். ‘இவர் நல்ல உழைப்பாளி’ என்பார்கள். ‘அந்த அம்மாவுக்கு உச்சரிப்பு நல்லா வரும்’ என்பார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாமே நியாயமாகத் தெரியும். மொத்தமாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இடது பக்கம் பெயர், நடுவில் வேலை, வலது பக்கம் தெரு. தெருவையும் வேலையையும் மட்டும் ஒப்பிட்டுப் படியுங்கள். நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். கிராமத்தில் பாட்டன் காலத்தில் ஊருக்கும் சேரிக்கும் வேலை எப்படிப் பிரிக்கப்பட்டதோ, அதே பிரிவு அப்படியே அந்தத் தாளில் இருந்தது.

நாற்பது வருஷம் பணிமனைக்குள் இருந்தோமே, அங்கே என்ன நடந்தது? அங்கேயும் சாதி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வு எழுதிப் பாஸ் செய்தால் கலாசி பிட்டர் ஆகலாம். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்து கொடுத்த பணிமனை இது. அங்கே அளவு பார்த்து இரும்பைச் சீவிய கைகள் நம் கைகளும்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் அளக்கத் தெரிந்தவனுக்குக் கோவில் உண்டியலை எண்ணத் தெரியாது என்று யார் முடிவு கட்டியது? வேலை செய்த காலத்தில் நாம் ஏறிவந்த படியிலிருந்து, ஓய்வு பெற்றதும் கோவில் நம்மைக் கீழே இறக்கிவிடுகிறது. என் புகார் இதுதான்.

இதில் ரொம்ப வலிக்கிற இடம் ஒன்று உண்டு. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகளுக்கான ஆணையை வெளியிட்டார். இந்து மதத்தைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்பது அதன் மூன்றாவது பத்தி. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தார்கள். ஆனால் ரயில்வே ஒன்றிய அரசின் கீழே இருக்கிறது. மண்டல் பரிந்துரைப்படி அங்கே பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு வந்தது 1993-இல்தான். அதுவரை வேலைக்கு மனுப் போட்ட தலித் கிறித்தவனுக்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது. அதே சேரியில் அடுத்த வீட்டில் இருக்கிற இந்துத் தலித்துக்கு உண்டு. ஒரே சேரி, ஒரே சாதி, ஒரே இழிவு.

அதனால் என்ன ஆயிற்று என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அலுவலகத்தில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். வருகைப் பதிவேட்டில் ஒருவர், கோவிலின் கடைசி வரிசையில் வேறொருவர். யாராவது எழுதிப்போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நாற்பது வருஷம் நற்கருணை வாங்க முன்வரிசைக்கு வராதவர்கள் இருந்தார்கள். சொந்தப் பிள்ளையின் திருமணத்தைக் கோவிலில் ஓசையில்லாமல் முடித்தவர்கள் இருந்தார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. உண்மையில் கிறித்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு, ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது. சட்டத்தின் கண்ணுக்கு அது மோசடியாகத் தெரிகிறது. ஆனால் ஒரு மனிதனை ‘உன் கடவுளைச் சொல், அல்லது உன் சோற்றைச் சொல்’ என்று நெருக்கிய அந்த மூன்றாவது பத்தியின் கொடுமை யார் கணக்கில் சேரும்?

சூசை என்கிற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கும் இப்படித்தான். சென்னையில் நடைபாதையில் உட்கார்ந்து தொழில் செய்தவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு பெட்டிக்கடை கொடுத்தபோது கிறித்தவர் என்பதால் இவருக்குக் கொடுக்கவில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளியது. நிரூபணம் வேண்டுமாம். ஒவ்வொரு பங்கிலும் வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நிரூபணம் கிடைக்கும். கல்லறையைப் போய்ப் பார்த்தாலும் கிடைக்கும்.

இப்போது ஓய்வுக்கு வருவோம். இரண்டு பெயரோடு வாழ்ந்த அந்த மனிதர் அறுபது வயதில் வெளியே வருகிறார். நடுங்கி நடுங்கி வாழ்ந்த காலம் முடிந்தது, இனி ஆண்டவர் சந்நிதியில் முழு ஆளாக நிற்கலாம் என்று வருகிறார். அவருக்குத் திருச்சபை என்ன கொடுக்கிறது? ‘நீங்க இத்தனை நாள் கோவில் பக்கமே வரலையே, இப்போதைக்குப் பின்னால இருந்து உதவி பண்ணுங்க’ என்கிறது. வெளியே கிறித்தவன் என்பதற்காக ஒதுக்கப்பட்டான். உள்ளே தலித் என்பதற்காக ஒதுக்கப்படுகிறான். அம்பேத்கர் மதம் மாறியவரின் நிலை பற்றி எழுதிய கட்டுரையில், தென்னாட்டுத் தீண்டப்படாத கிறித்தவர்கள் சைமன் கமிஷனிடம் கொடுத்த மனுவை எடுத்துக்காட்டுகிறார். நம் முன்னோர்கள் அந்த மனுவில் சொன்ன குறைகளை இன்று பேரன்கள் படித்தால், தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள்.

திருச்சபைத் தலைமைக்கு இது தெரியாதா? தெரியும். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமைக்குப் போனபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து அவர்களிடமே பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளின் அதிகாரமேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தையே வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். 2022-இல் அந்தோணி பூலா தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக ஆனார். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டது. வரவேற்போம். ஆனால் தில்லியில் ஒரு கதவைத் திறக்கச் சொல்லி நம்மோடு ஊர்வலம் வருகிற ஆயர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் கையில் சாவி இருக்கிற கதவு எத்தனை? பங்குப் பேரவையில் யார் உட்கார வேண்டும் என்பதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியதில்லையே?

குருக்களுக்கு ஓய்வு வயது உண்டு. பங்குத்தந்தைக்கு 75 வயது நிறைந்தால் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும், ஆயருக்கும் 75 என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 80 வயதைக் கடந்த கர்தினால் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடியாது என்று 1970-இல் ஆறாம் பவுல் விதி செய்தார். சி.எஸ்.ஐ. திருச்சபையில் பேராயர்களின் ஓய்வு வயதை 67-இலிருந்து 70-ஆக உயர்த்தும் திருத்தம் நீதிமன்றப் படியேறியது. பதவி என்றால் வயது பார்க்கிறார்கள், மூன்று வருஷத்துக்காக வழக்கு நடக்கிறது. துடைப்பத்துக்கு மட்டும் ஓய்வு வயது கிடையாது. எழுபத்தைந்து வயதுப் பாட்டி குனிந்து கோவில் பெருக்குவதைப் பார்த்து ‘என்ன பக்தி!’ என்று மெச்சிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறோம்.

பக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் விவிலியத்தையும் திறந்து பார்க்கட்டும். எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தில் லேவியர்களுக்கு ஓய்வு வயது சொல்லியிருக்கிறது. ஐம்பது வயதானால் கூடாரத்தின் பாரமான வேலையிலிருந்து அவர்கள் விலக வேண்டும். அதன் பிறகு சகோதரர்களுக்குத் துணையாகக் காவல் பணி செய்யலாம், கடின வேலை கூடாது. வயதானவருக்குப் பொறுப்பு உண்டு, சுமை கிடையாது என்பதே அதன் பொருள். நம் கோவில்களில் சிலருக்குச் சுமை உண்டு, பொறுப்பு கிடையாது. தலைகீழ்.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் இன்னும் முக்கியம். முதல் திருச்சபையிலேயே பாகுபாடு வந்தது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை. வயதான ஏழைப் பெண்களின் சோற்றில்தான் திருச்சபையின் முதல் சண்டையே. முணுமுணுப்பு எழுந்ததும் திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? ‘சேவையில் போய் வேற்றுமை பேசலாமா’ என்று வாயை அடைக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் படித்துப் பாருங்கள், எல்லாம் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்ட தரப்பின் கையிலேயே பந்தியின் நிர்வாகம் போயிற்று. கரண்டியை மட்டும் கொடுக்கவில்லை, கணக்கையும் கொடுத்தார்கள். இதைவிட நல்ல இடஒதுக்கீட்டு முன்மாதிரியை நான் எங்கே போய்த் தேட?

இனி எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன். பெரிய வியாழன் அன்று இயேசு சீடர்களின் காலைக் கழுவவில்லையா, தாழ்ந்த வேலை செய்வது பெருமை இல்லையா என்று கேட்பார்கள். கழுவினார். ஆனால் கழுவியவர் யார்? குரு. அடிமை செய்கிற வேலையைக் குரு செய்தார், அதனால் அது புரட்சி ஆயிற்று. அடிமையைக் கூப்பிட்டு அடிமை வேலையையே செய்யச் சொல்லியிருந்தால் அதை யாரும் நற்செய்தியில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பங்குப் பேரவைச் செயலாளர் ஒரு மாதம் கழிப்பறை கழுவட்டும், அன்றைக்குத் தாழ்ச்சியைப் பற்றிப் பேசலாம்.

‘யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லையே, நீங்களாகத்தானே செய்கிறீர்கள்’ என்பது அடுத்த கேள்வி. பிணத்தை அடக்க வேண்டியது இந்தக் கோவிலில்தான், பேத்திக்குத் திருமண ஓலை வாசிக்க வேண்டியதும் இங்கேதான் என்று தெரிந்த முதியவர் ‘முடியாது’ என்று சொல்வாரா? வயதான கிறித்தவனுக்குத் தன் அடக்கத்தைப் பற்றிய பயம் எப்போதும் உண்டு. நல்லடக்கம் கிடைக்குமா என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு செய்வதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறித்தவர்களின் பிணத்தைப் பிரித்து வைக்க ஒரு குறுக்குச் சுவர் நின்ற கதை ஊரறிந்தது. அதை எதிர்த்து எத்தனையோ போராட்டங்கள் நடந்தன. நம் மாவட்டத்திலேயே கோட்டப்பாளையத்தில் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் கல்லறையிலும் தங்களுக்குப் பாகுபாடு என்று வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முப்பது வருஷம் கோவில் மணி அடித்தவரைச் செத்த பிறகு எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று யோசிக்கிற ஒரு சபை, அவருடைய முப்பது வருஷ ஊழியத்தை என்னவாக மதித்தது?

‘சாகப்போகிற வயசில் எதுக்கு வம்பு, இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று நம்மாட்களே சொல்கிறார்கள். நான் நேர் எதிராகச் சொல்கிறேன். இதைக் கேட்கத் தகுந்த வயது நம் வயதுதான். இளைஞனுக்கு வேலை இல்லை, சபை நடத்தும் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு வேலைக்குச் சாமியாரின் சிபாரிசு வேண்டும். அவன் எப்படி வாய் திறப்பான்? நமக்குப் பென்ஷன் மாதம் பிறந்தால் வங்கிக்கு வந்துவிடுகிறது. அதை எந்தப் பங்குத்தந்தையும் நிறுத்த முடியாது. காலையில் ஓட வேண்டிய வேலை இல்லை. கூட்டம் நடத்தத் தெரியும், தீர்மானம் எழுதத் தெரியும், நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசத் தெரியும். பணிமனை வாசலில் கற்ற அத்தனையும் நம்மிடம் இருக்கிறது. சங்கத்தில் ஒரு நாள் சம்பளத்துக்காகக் கேள்வி கேட்ட நாம், கோவிலில் ஒரு வாழ்நாள் மரியாதைக்காகக் கேள்வி கேட்கவில்லை என்றால், 1946-இல் செத்துப்போன அந்த ஐந்து பேருக்கு வருஷா வருஷம் மாலை போடுவதில் என்ன அர்த்தம்?

ஓய்வு பெற்றவர் செய்யக்கூடிய உயர்ந்த ஊழியம் எது என்று என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என்பேன். மணி அடிப்பதை விட வேண்டாம். அடித்துக்கொண்டே கேளுங்கள்.

என்ன கேட்பது? சிலவற்றைச் சொல்கிறேன், நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம்.

முதலாவது, கோவிலின் எல்லா வேலைகளையும் ஒரே பட்டியலில் எழுத வேண்டும். வாசகம் படிப்பது, நற்கருணை கொடுப்பது, உண்டியல் எண்ணுவது, தரை துடைப்பது, கழிப்பறை கழுவுவது, கல்லறை பார்ப்பது எல்லாம் அதில் வர வேண்டும். அன்பியம் வாரியாக முறை வைத்து, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பயிற்சி தேவைப்படும் வேலைக்கு எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும். சீட்டுக்குச் சாதி தெரியாது.

இரண்டாவது, அன்றாடம் செய்தே ஆக வேண்டிய உடலுழைப்பு வேலைக்கு ஆள் வைத்து, அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். கோவில் பிள்ளைக்கும் குழி வெட்டுகிறவருக்கும் ஊழியம் என்று பெயர் வைத்துக் கூலியை மிச்சம் பிடிக்கக் கூடாது. தேருக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் இருக்கிற பங்கில் இதற்கும் பணம் இருக்கும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பாரமான வேலை எதையும் கொடுக்கக் கூடாது. லேவியருக்குக் கிடைத்த சலுகை நமக்கும் கிடைக்கட்டும்.

மூன்றாவது, பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் பங்கில் நாம் இருக்கிற எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். அதில் பாதி பெண்களுக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நான்காவது, கல்லறையில் இறந்த தேதி வரிசைப்படி அடக்கம். குடும்பக் கல்லறை, தெருக் கல்லறை என்ற பேச்சே கூடாது. பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, இது நாம் நமக்கே வைத்துக்கொள்ள வேண்டிய கோரிக்கை. வாரத்தில் ஒரு மாலையை நம் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். தொழிற்பழகுநர் தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் எப்படித் தயாராவது, சாதிச் சான்றிதழுக்கு எங்கே மனுக் கொடுப்பது, எந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோம், ஏன் இருக்கிறோம் என்று சொல்லிக் கொடுப்போம். இதுவும் கோவில் வேலைதான். பீடத்துக்கு முன்னால் நடக்காவிட்டாலும் ஆண்டவர் கணக்கில் சேரும்.

இத்தனையும் கேட்டால் ‘கோவிலுக்குள் அரசியலைக் கொண்டுவருகிறான்’ என்று ஒரு பேச்சு வரும். கோவிலுக்குள் சாதியைக் கொண்டுவந்தபோது அது அரசியலாகத் தெரியவில்லை, அதை வெளியேற்றச் சொன்னால் மட்டும் அரசியலாகத் தெரிகிறது. சொல்கிறவர்கள் சொல்லட்டும். ‘இவர்கள் கோவிலை விட்டே போய்விடுவார்கள்’ என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். நான் எங்கேயும் போகவில்லை. என் தாத்தா கல் சுமந்து கட்டிய கோவில் அது. போக வேண்டியது நான் இல்லை, சாதி.

நம்மோடு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற பிற சாதிப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நல்லவர்கள், நம்மோடு பணிமனையில் ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள். உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் இல்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் உங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து, ‘என் பெயரை இந்த வருஷம் நிதிக்குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், தரை துடைக்கும் முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருவர் சொல்லுங்கள். ஒருவர் போதும். அந்தக் கூட்டத்தின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால், நான் இவ்வளவு நேரம் பேசியது என்னவென்று உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆண்டவருடைய வேலைக்கு ஓய்வு வயது இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். உயிர் இருக்கும்வரை செய்வோம். ஆனால் அந்த வேலையை எனக்குக் கொடுக்க வேண்டியது ஆண்டவர். என் தெருவைப் பார்த்து எவரும் அதை எனக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு முன்னால் அந்த வேலைப் பட்டியலை எழுதி முடிக்க வேண்டும். பேனாவும் தாளும் கொண்டு வந்திருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.